ஆசாரத்திலிருந்து ஹாலுக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டு முன்னறையின் வரலாறு

வீட்டுக்கு வருவோரை வரவேற்று உட்காரவைக்கும் அறை முன்னறை எனப்படுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் இவ்வறை இன்று பெரும்பாலும் 'ஹால்' என்றே அழைக்கப்படுகிறது. நகரங்களில் 10 அடிக்கு 10 அடி, 10 அடிக்கு 12 அடி என்னும் அளவில் கட்டப்படும் இந்தச் சிறிய அறைக்குள் சோபா, தொலைக்காட்சி, புத்தக அலமாரி, பிள்ளைகளின் படிப்பு மேசை, இரவுப் படுக்கை ஆகிய அனைத்தும் அடங்க வேண்டியுள்ளது. எனவே சிறிய அறையை எப்படி விசாலமாகத் தோன்றச் செய்வது, வருபவர் மனம் குளிர எப்படி அமைப்பது என்னும் கேள்வி வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுகிறது.

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இப்பகுதியின் பழைய வீடுகளிலும் அறைகள் சிறியனவாகவே இருந்தன. ஆனால் அவற்றில் வாழ்ந்தவர்கள் இன்று நாம் உணரும் நெருக்கடியை அதே வகையில் உணரவில்லை. அதற்கான காரணத்தையும், முன்னறை இன்றைய வடிவத்தை அடைந்த விதத்தையும், அந்த மாற்றத்தில் கிடைத்ததையும் இழந்ததையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பகுதியும் எல்லையும்

இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. சேலம் நகரம், ஓமலூர், சங்ககிரி, எடப்பாடி, ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர், நாமக்கல் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய இச்சமவெளியைச் சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகள் சூழ்ந்துள்ளன. மேற்கிலும் தெற்கிலும் காவிரி ஓடுகிறது. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பலமாக வீசும். வெயிலைத் தடுப்பதும் காற்றைப் பிடிப்பதும் இப்பகுதி வீட்டமைப்பின் இரண்டு அடிப்படைத் தேவைகள் ஆகும்.

பெயர்களும் பொருளும்

தஞ்சைப் பகுதியில் ரேழி, கூடம் என்றும், செட்டிநாட்டில் வளவு என்றும் வீட்டின் உறுப்புகளுக்குப் பெயர்கள் வழங்குகின்றன. கொங்கு வழக்கில் விருந்தினர் அமரும் முன்கூடத்துக்கு 'ஆசாரம்' என்று பெயர். 'வாசல்' என்னும் சொல் இங்கு கதவுநிலையை மட்டும் குறிப்பதில்லை. வீட்டின் முன்னால் சாணம் மெழுகி வைத்திருக்கும் திறந்த வெளி முழுவதும் வாசல்தான். மாடு கட்டும் இடம் கட்டுத்தரை, பொருள் போட்டுவைக்கும் பரண் அட்டாலி, தோட்டத்தில் கூரை வேய்ந்த குடியிருப்பு சாளை, சீமை ஓடு வேய்ந்த வீடு வில்லை வீடு எனப்படும். திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இத்தகைய வட்டாரச் சொற்களைப் பதிவு செய்த நூலாகும். ஆசாரம் என்னும் சொல் இன்று முதியவர்களின் பேச்சில் மட்டும் கேட்கிறது. அதன் இடத்தை ஹால் என்னும் சொல் பிடித்துக்கொண்டது. சொல் மாறியபோது அந்த இடத்தின் பயனும் மாறியது.

வாசலே பெரிய அறை

வசதியுள்ள வேளாண் குடும்பங்கள் தொட்டிக்கட்டு வீடுகளில் வாழ்ந்தன. நடுவில் வானம் பார்த்த தொட்டி, அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டிச் சிறிய அறைகள் என்பது இதன் பொது அமைப்பு. தெருப்பக்கம் வெளித்திண்ணையும், அதைக் கடந்தால் ஆசாரமும் இருக்கும். அறைகள் இருட்டாகவும் குறுகலாகவும் இருந்தாலும், வெளிச்சமும் காற்றும் தொட்டியிலிருந்து வந்தன.

எளிய குடும்பங்களின் வீடு ஒரே அறைதான். மண்சுவர், பனையோலை அல்லது கரும்புச் சோகைக் கூரை, குனிந்து நுழையும் கதவு. ஆனால் அக்குடும்பத்தின் வாழ்க்கை அந்த அறைக்குள் நடக்கவில்லை. தானியம் காயவைப்பதும், மாலையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்வதும், நிலவொளியில் உண்பதும், கோடையில் உறங்குவதும், பந்தல் போட்டுக் கல்யாணம் செய்வதும் வாசலில்தான். அறையில் பெட்டியும் பானைகளும் விளக்கும் இருந்தன. மழைக்கும் பனிக்கும் மட்டும் மனிதர்கள் அதற்குள் ஒதுங்கினர்.

ஆக, பழைய வீட்டின் விசாலம் அறையின் அளவைச் சார்ந்திருக்கவில்லை. வாசல், திண்ணை, தெரு, மரத்தடி ஆகியவற்றிலிருந்து அந்த வீடு இடத்தை வாங்கிக்கொண்டது. இன்றைய முன்னறையின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள இந்த உண்மையே திறவுகோல் ஆகும்.

உத்திரத்தின் நீளமும் அறையின் அகலமும்

பழைய அறைகள் குறுகலாக இருந்ததற்குக் கட்டுமானக் காரணமும் உண்டு. கூரையைத் தாங்கும் உத்திரம் எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் அறையின் அகலம். இப்பகுதியில் எளிதாகக் கிடைத்தது பனை, வேம்பு, வாகை போன்ற உள்ளூர் மரங்கள். சுமையைத் தாங்கி வளையாமல் நிற்க வேண்டுமானால் இடைவெளி 8 அடி, 10 அடி என்று குறுகத்தான் வேண்டும். அகலம் வேண்டியவர்கள் நடுவில் மரத்தூணோ கல்தூணோ நிறுத்தினர். நகரங்களில் தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசும் 'மெட்ராஸ் டெரஸ்' மேல்தளம் வந்த பிறகும் நிலை பெரிதாக மாறவில்லை. ஆகவே பழைய முன்கூடங்கள் ரயில்பெட்டி போல நீண்டு, அகலம் குறைந்திருந்தன. சுவரோரமாகத் திண்டு கட்டி உட்கார்வதும், நடுவில் ஒன்றும் வைக்காமல் விடுவதும் இந்த வடிவத்துக்குப் பொருந்தின.

தரையில் விரித்த பாய்தான் அக்காலத்தின் முதன்மையான அறைகலன். காவிரிக் கரையில் விளையும் கோரையிலிருந்து நெய்த பாயை இரவில் விரித்தால் ஓர் ஆள் படுக்க 18 சதுர அடி இடத்தை அது எடுத்துக்கொள்ளும். காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அந்த இடம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். ஜப்பானியர் தம் அறையின் பரப்பைத் தாதாமி என்னும் பாயின் எண்ணிக்கையால் அளந்தனர். 6 பாய் அறை, 8 பாய் அறை என்பது அவர்களின் வழக்கு. அங்கும் படுக்கையைப் பகலில் மடித்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். அவர்களின் பாய் தரையோடு பதிந்தது. நம்முடையதோ சுருட்டி வைப்பது. ஆனால் ஒரே அறையைப் பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் பயன்படுத்தும் அறிவு இரண்டுக்கும் பொது.

தறிவீடு

சேலம் நகரின் குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை பகுதிகளிலும், இராசிபுரம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை முதலிய ஊர்களிலும் முன்னறையின் கதை வேறுவிதமானது. செங்குந்தர், தேவாங்கர், சௌராட்டிரர் உள்ளிட்ட நெசவுக் குடும்பங்களின் வீட்டில் முன்னறை என்பது தறி நிற்கும் இடம். தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகையை மிதித்து நெய்வது குழித்தறி. வீட்டின் நல்ல வெளிச்சமும் சன்னலோர இடமும் தறிக்கே உரியவை. நூலின் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். குடும்பம் தறிக்குப் பின்னால் எஞ்சிய இடத்தில் உண்டு உறங்கியது.

விருந்தினர் வந்தால் நெசவாளர் எழுந்துவர வேண்டியதில்லை. வந்தவர் தறியின் அருகில் தரையில் அமர, நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே பேச்சும் ஓடும். பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் வேலை வீட்டுக்குள் நடக்க வழியில்லை. அதற்குத் தெருவும், 'பாவடி' என்னும் பொது வெளியும் பயன்பட்டன. சேலத்தின் நெசவாளர் பகுதிகளில் பாவடி என்ற பெயர் இன்றும் இடப்பெயராக நிலைத்திருக்கிறது. இங்கும் சிறிய வீடு தெருவிடமிருந்து இடத்தைக் கடன் வாங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, எடப்பாடிப் பகுதிகளில் விசைத்தறி பரவியது. குழித்தறியின் ஓசையில் பேச முடிந்தது. விசைத்தறியின் இரைச்சலில் பேச முடியாது. எனவே வசதி வந்தவர்கள் தறியைத் தனிக் கூடத்துக்கு மாற்றினர். தறி விட்டுச்சென்ற இடத்தில் சோபா வந்தது. வசதி வராதவர்கள் ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் தறியும் இந்தப்பக்கம் பிள்ளைகளின் படிப்புமாக வாழ்ந்தனர்.

திண்ணையின் இரண்டு முகங்கள்

திண்ணையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏக்கத்தோடு எழுதுகின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. வழிப்போக்கர் படுத்து எழுந்தது திண்ணையில். கணக்கும் எண்சுவடியும் கற்பித்த திண்ணைப் பள்ளிகள் நடந்தது அதில்தான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப்புறப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். அவர் அதற்கு முன் 1792 முதல் 1799 வரை சேலம், பாரமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நிலவரி நிர்ணயப் பணியில் இருந்தவர்.

ஆனால் திண்ணை எல்லோருக்குமான இருக்கையாக இருக்கவில்லை. யார் திண்ணையில் ஏறலாம், யார் ஆசாரம் வரை வரலாம், யார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. அந்த வீட்டின் நிலத்தில் உழைத்து நெல்லை அளந்து கொடுத்தவருக்கே வாசலைத் தாண்ட உரிமை இல்லாத நிலை இருந்தது. வீட்டுப் பெண்களும் ஆசாரத்தில் உட்காரவில்லை. ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் கதவோரம் நின்றே கேட்டனர். 'வருபவரை வரவேற்கும் அறை' என்று எழுதும்போது, வருபவர் என்பதில் யார் யார் அடங்குவர் என்ற கேள்வியையும் வரலாற்று மாணவர் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு இப்பகுதியிலேயே ஒரு விடை முயற்சி நடந்தது. சேலத்தில் வழக்கறிஞராகவும் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்த சி. இராஜகோபாலாச்சாரியார், 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் பணிகள். எளிய சிறு குடில்களே அங்கு வீடுகள். அவற்றில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்தனர். அதற்காகச் சுற்றுவட்டாரத்தின் எதிர்ப்பையும் ஆசிரமத்தார் சந்திக்க நேர்ந்தது. எழுத்தாளர் கல்கி அங்கு தங்கியிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழின் பணியில் ஈடுபட்டார். பெரிய தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில் கிடைக்காத இடம் அந்தச் சிறு குடில்களில் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் நுழையாத இடமாக வீட்டு வாசற்படி நெடுங்காலம் இருந்தது. இக்கட்டுரையாளர் ஆசிரியப் பணியில் இருந்தபோது, மற்ற ஆசிரியர்களைப் போலவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகச் சென்றதுண்டு. கூரை என்ன, சுவர் என்ன, தரை என்ன, எத்தனை அறை, தொலைக்காட்சி உண்டா என்று படிவத்தில் பல கேள்விகள் இருந்தன. எங்கே உட்காரச் சொன்னார்கள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. ஆனால் படிவத்தை நிரப்பியவர் மனத்தில் அதுதான் முதலில் பதிந்தது. ஒரு பெரிய வீட்டின் திண்ணையில் நின்றபடியே எழுதி முடித்து, அடுத்த தெருவின் ஒற்றை அறை வீட்டில் பாய் விரித்து, மோர் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட அனுபவம் பல ஆசிரியர்களுக்கு உண்டு.

ரயில், ஓடு, சிமெண்ட், மின்சாரம்

முன்னறையின் வடிவத்தை மாற்றியவை நான்கு பொருள்கள்.

முதலாவது ரயில். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் நோக்கிப் போடப்பட்ட இருப்புப்பாதை 1861-இல் சேலத்தை எட்டியது. இரண்டாவது, அப்பாதை வழியே வரத் தொடங்கிய மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் இந்த ஓடு, பல அடுக்காகப் போட வேண்டிய நாட்டு ஓட்டைவிட எடை குறைவானது. தீப்பிடிக்கும் கூரைக்கு மாற்றாக வில்லை வீடு வசதியின் அடையாளமாயிற்று. ஓட்டு இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறியதால் உள்ளே புழுக்கம் குறைந்தது. உயர்ந்த கூரையால் சிறிய அறையும் பெரிதாகத் தோன்றியது. கூரையில் பதித்த கண்ணாடி ஓடு நடுப்பகலில் அறைக்குள் ஒரு வெளிச்சத் தூணை இறக்கியது.

மூன்றாவது சிமெண்ட். சுண்ணாம்புக்கல் வளம் மிகுந்த சங்ககிரியில் 1963-இல் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 10, 12 அடி அகலத்தைத் தூண் இல்லாமல் தாண்டியது. ரயில்பெட்டி போன்ற கூடம் சதுர அறையாக மாறியது. ஆனால் தளம் தாழ்ந்தது. பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் இரவில் அதை அறைக்குள் விட்டது.

நான்காவது மின்சாரம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 1937-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்விளக்கு வந்ததும் மாலைநேர வாழ்க்கை வாசலிலிருந்து அறைக்குள் நகர்ந்தது. மின்விசிறி வந்ததும் கோடைத் தூக்கமும் உள்ளே வந்தது. வாசல் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக முன்னறை ஏற்றுக்கொண்டது. ஆனால் அதன் பரப்பு வளரவில்லை.

காலனி வீடும் தொலைக்காட்சியும்

1961-இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அமைக்கப்பட்டது. சேலம் நகரம் விரிந்து, 1866-இல் தோன்றிய நகராட்சி 1994-இல் மாநகராட்சியானது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஆலைத் தொழிலாளர்கள் மாதத் தவணையில் வீடு வாங்கினர். இவ்வீடுகளில் திண்ணை இல்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தன. விதிப்படி விட்ட இடைவெளியில் முதலில் செடி வளர்ந்தது, பிறகு ஸ்கூட்டரும் காரும் நின்றன. தெருவிடம் இடம் கடன் வாங்கும் வழி அடைபட்டது.

திண்ணையோடு அதன் பாகுபாடும் ஓரளவு போயிற்று. பல சாதியினர் அடுத்தடுத்து வாழ்ந்த காலனியில், உடன் பணிபுரிபவர் வந்தால் ஹாலில்தான் உட்காரவைக்க வேண்டும். நிற்கவைத்துப் பேச அங்கே வேறு இடமே இல்லை. இது முழு மாற்றம் அன்று. வாடகைக்கு வீடு கேட்பவரிடம் சாதி விசாரிக்கும் வழக்கம் மறையவில்லை. ஆயினும் அறையின் அமைப்பே சில பழக்கங்களை மாற்றியது என்பதை மறுக்க முடியாது.

பெண்களை முன்னறையின் நடுவுக்குக் கொண்டுவந்ததில் தொலைக்காட்சிக்குப் பங்குண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றும், சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14 அன்றும் தொடங்கின. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கியது. கதவோரம் நின்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொடர் பார்த்தனர். அதே வேளையில் அறையின் திசையே மாறிற்று. முன்பு இருக்கைகள் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு எல்லாம் பெட்டியைப் பார்த்தன. வந்த விருந்தினர் பேச்சைத் தொடங்க விளம்பர இடைவேளைக்குக் காத்திருந்தார். சிமெண்டால் சுவரோடு கட்டிய ஷோகேஸ், அதில் பொம்மைகளும் பரிசுக் கோப்பைகளும், மூலையில் தையல் இயந்திரம், கதவின் பின்னால் சட்டைகள் என்று ஹால் நிறைந்தது.

அரசு கட்டித்தந்த முன்னறை

சிறிய வீட்டுக்குக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்த ஒன்று. 1929-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாடு இதையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. இந்தியாவில் தேசியக் கட்டடத் தொகுப்பு, ஓர் அறை மட்டும் கொண்ட வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்கும் (சுமார் 102 சதுர அடி), அகலம் 2.4 மீட்டருக்கும் குறையக் கூடாது என்கிறது. உயரம் குறைந்தது 2.75 மீட்டர்.

ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்களின் அளவு படிப்படியாக வளர்ந்துள்ளது. 2010-இல் குடிசைகளுக்கு மாற்றாகத் தொடங்கப்பட்ட கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் பரப்பு 200 சதுர அடி. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி. அதற்குள் முன்னறை, படுக்கையறை, சமையலறை, கழிவறை, வராந்தா ஆகியவற்றுடன், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூரிய விளக்காக ஐந்து விளக்குகளும் அமைந்தன. 2016 முதல் செயல்படும் மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளமும், 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் போடலாம்.

நகரத்தார் கண்ணுக்கு இந்த முன்னறைகள் மிகச் சிறியவை. ஆனால் தலைமுறைகளாகப் பிறர் வாசலில் நின்றவரின் பேரப்பிள்ளைக்கு, தன் பெயரில் பட்டா உள்ள வீட்டின் முன்னறையில் நாற்காலி போட்டு ஊரின் எந்தத் தெருக்காரரையும் 'வாங்க, உக்காருங்க' என்று சொல்ல முடிவது சிறிய மாற்றம் அன்று. அந்த அழைப்பை ஏற்று உள்ளே வந்து அமர்கிறார்களா என்பது இன்றும் சில ஊர்களில் விடை காணாத கேள்வியாகவே இருக்கிறது.

பழைய வழிகளும் இன்றைய அறையும்

வரலாறு காட்டும் வழிகளை இன்றைய சிறிய முன்னறைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

தரையைக் காலியாக விடுதல்: 10 அடிக்கு 10 அடி அறையின் பரப்பு 100 சதுர அடி. மூவர் அமரும் சோபா ஏறக்குறைய 15 சதுர அடியையும், ஒருவர் அமரும் இரண்டு சோபாக்கள் சேர்ந்து இன்னொரு 15 சதுர அடியையும் அடைக்கும். 3 அடிக் கதவு திறந்து மூட 7 சதுர அடி வேண்டும். அறையைக் கடக்க 2½ அடி அகல நடைவழி விட்டால் 25 சதுர அடி. பெட்டி, மேசை வைக்கும் முன்பே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. சுவரோரத் திண்டு, அடியில் பொருள் வைக்கும் பெட்டிப் பலகை, மடக்கு நாற்காலி, சுருட்டும் பாய் ஆகியவை அதே எண்ணிக்கையினரைக் குறைந்த இடத்தில் அமர்த்தும்.

பொருளை மேலேயும் சுவருக்குள்ளும் ஏற்றுதல்: அட்டாலியும் மாடக்குழியும் செய்த வேலை இதுவே. அன்றாடம் தேவைப்படாதவை கதவுக்கு மேல் உள்ள பரணுக்குப் போகட்டும். சுவரின் கனத்துக்குள் அமையும் மாடம் தரையில் ஓர் அங்குலத்தையும் எடுத்துக்கொள்வதில்லை.

வெளிச்சம்: பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது துப்புரவுக்காக மட்டும் இல்லை. வெள்ளைச் சுவர் சன்னல் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் அறையின் மூலைகள் இருட்டாமல் இருக்கும். இருண்ட மூலைதான் அறையைச் சிறிதாகக் காட்டுகிறது. பழைய வீடுகளில் நிலைக்கண்ணாடியைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் சற்றே முன்சாய்த்து மாட்டியதும் இதே பயனைத் தந்தது.

காற்று: தேசியக் கட்டடத் தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் 10-இல் ஒரு பங்கும், ஈரப்பதம் மிக்க வெப்பப் பகுதியில் 6-இல் ஒரு பங்கும் சன்னல் வேண்டும் என்கிறது. 100 சதுர அடி அறைக்கு 3 அடிக்கு 4 அடி சன்னல் ஒன்று முதல் அளவுக்குப் போதும். ஆனால் ஒரே சன்னல் காற்றை இழுக்காது. மேற்கே வாங்கும் காற்றுக்குக் கிழக்கே வெளியேறும் வழி வேண்டும். வாசலிலிருந்து புறக்கடை வரை கதவுகளை ஒரே நேர்க்கோட்டில் வைத்த பழைய கட்டுமானத்தின் காரணம் இதுதான். இவ்வமைப்பில் பார்வையும் தடையின்றிப் பின்வாசல் வரை ஓடுவதால் அறை நீண்டதாகத் தோன்றும்.

வெளியோடு தொடர்பு: மிக முக்கியமானது இதுவே. சுற்றுச்சுவருக்குள் 2 அடி அகலத்தில் ஒரு கல் பலகை, வாசற்படியை ஒட்டி இருவர் அமரும் மேடை, அதன்மேல் ஒரு முருங்கை அல்லது வேம்பின் நிழல் இருந்தால் மாலைநேரப் பேச்சு அங்கே நகரும். உள்ளே பிள்ளைகள் படிக்க இடம் கிடைக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூட மொட்டைமாடியை இப்படிப் பயன்படுத்தலாம்.

முடிவுரை

சேலம், நாமக்கல் சமவெளியின் முன்னறை 150 ஆண்டுகளில் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. வாசலையும் திண்ணையையும் நம்பிய சிறிய அறை, தொழிலுக்கு இடம் கொடுத்த தறியறை, எல்லாவற்றையும் தனக்குள் அடக்க முயலும் ஹால் என்பவை அவை. முதல் நிலையில் இடம் தாராளமாக இருந்தது, ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. இன்றைய நிலையில் இடம் நெருக்கடியானது, ஆனால் சட்டத்தின் முன் அது எல்லோருக்கும் உரியது. பழைய வீட்டின் காற்றையும் வெளிச்சத்தையும் ஒழுங்கையும் எடுத்துக்கொண்டு, அதன் வாசற்படிக் கணக்கை விட்டுவிடுவது இன்று வீடு கட்டுவோர் கையில் உள்ளது.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். உங்கள் வீட்டு முன்னறையின் நீளம், அகலம், உயரம், சன்னலின் பரப்பு ஆகியவற்றை அளந்து வரைபடம் போடுங்கள். பிறகு உங்கள் தாத்தா, பாட்டியிடம் அவர்கள் சிறுவயதில் வாழ்ந்த வீட்டை விவரிக்கச் சொல்லி இன்னொரு வரைபடம் போடுங்கள். விருந்தினர் எங்கே உட்கார்ந்தார்கள், வேலைக்கு வந்தவர்கள் எங்கே நின்றார்கள், பாட்டி எங்கே இருந்தார் என்பதையும் அதில் குறியுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றில் எந்த நூலிலும் இல்லாத ஒரு பக்கம் அந்த இரண்டு தாள்களில் கிடைக்கும்.